யுரேனியம் போர் போடுறாங்களாமே? நம்ம ஊர்ல அடிக்கடி கேக்குற கேள்விகளுக்கு ஒரு பழைய டிரில்லரோட பதில்

நான் குடியாத்தம் பக்கம். ஒன்பது வருஷம் கோர் டிரில்லிங் ரிக்ல, அதாவது பாறைய ஒடைக்காம முழுசா அறுத்து மேல எடுக்குற மிஷின்ல வேலை பாத்தேன், ஹெல்ப்பரா சேர்ந்து டிரில்லரா ஆனேன், அதுல பாதிக்கு மேல ராயலசீமால யுரேனியம் தேடுற போர் தான். இப்ப ஊரோட வந்து சாதா போர்வெல் ஏஜென்ட் வேலை. யாரோட நிலத்துகிட்ட ரெண்டு ஜீப்பு நின்னு எவனாச்சும் கல்ல தட்டி பாத்தா போதும், சாயங்காலம் எனக்கு போன் வந்துடும், "இன்னா அண்ணே, யுரேனியம் எடுக்க வந்துட்டாங்களா?"னு. தனித்தனியா சொல்லி சொல்லி வாய் வலிக்குது. அதான் மொத்தமா எழுதி வச்சிட்டேன். நான் ஜியாலஜி படிச்சவன் இல்ல, ஆனா ஜியாலஜிஸ்ட் கூடவே டெண்ட்ல சோறு தின்னவன்.

நம்ம வேலூர் பக்கம் யுரேனியம் இருக்கா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லுங்க?

இருக்கு.

ஆனா அந்த ஒரே வார்த்தைய வச்சிகிட்டு ஒன்னும் பண்ண முடியாது. சாதாரண கருங்கல்லுலயே டன்னுக்கு 3, 4 கிராம் யுரேனியம் இருக்கும், நம்ம வீட்டு வாசப்படில இருக்கு, கோயில் தூண்ல இருக்கு, கோட்டை மதில்ல இருக்கு. அது இருக்குறது வேற, எடுத்து விக்கிற அளவுக்கு ஒரே எடத்துல சேந்து கெடக்குறது வேற.

கொஞ்சம் விசேஷமான எடம்னா திருப்பத்தூர் பக்கத்துல செவ்வாத்தூர். 2019ல மாவட்டத்த மூணா பிரிச்சதுக்கு அப்புறம் அது திருப்பத்தூர் மாவட்டம், அதுக்கு முன்னாடி எல்லாம் நம்ம வேலூரு, அதுக்கும் முன்னாடி வட ஆற்காடு. அங்க கார்பனடைட்னு ஒரு பாறை, அதாவது எரிமலை மாதிரி கீழ இருந்து உருகி வந்தது ஆனா சுண்ணாம்பு சங்கதி, எங்கேயோ சில எடத்துல தான் கெடைக்கும். அதுல பைரோகுளோர்னு ஒரு கனிமம் இருக்கு, அதுக்குள்ள நியோபியம்னு ஒரு உலோகம், கூடவே யுரேனியமும் கலந்திருக்குது. இது ஒன்னும் ரகசியம் இல்ல, 50 வருஷத்துக்கு முன்னாடியே ஆராய்ச்சிக்காரங்க எழுதி வச்சது தான்.

அப்ப செவ்வாத்தூர்ல யுரேனியம் சுரங்கம் வந்துடுமா?

அங்க ஏற்கனவே சுரங்கம் உண்டு, ஆனா எடுத்தது வெர்மிகுலைட். அரசாங்கத்தோட டாமின் கம்பெனி எடுத்தது. பாக்க அப்பளம் அடுக்கி வச்ச மாதிரி இருக்கும், சூடு பண்ணா பொரி மாதிரி உப்பும், செடி வளக்குற தொட்டிக்கும் சூடு தாங்குற பூச்சுக்கும் போகும். யுரேனியம்னு பாத்தா பைரோகுளோர் பாறைல அங்கங்க பொடிப்பொடியா கெடக்குது. விஞ்ஞானிக்கு அது விருந்து, சுரங்கக்காரனுக்கு அது வெறும் மிக்சர்ல கெடக்குற முந்திரி.

இதையே "ஏலகிரி அடிவாரத்துல அணுகுண்டு கல்லு"னு ஒருத்தர் எனக்கே அனுப்பி வச்சாரு. பதிலே போடல.

எப்பவும் வறண்ட ஊரா பாத்து தான் யுரேனியம் தேடுறாங்களே, ஏன்?

இது நல்ல கேள்வி. மூணு காரணம் உண்டு, மூணாவத யாரும் வாய் விட்டு சொல்ல மாட்டாங்க.

மொதல்ல, யுரேனியம் இருக்குற பாறைய கருவில காட்டி குடுக்குறது காமா கதிர் தான், அது மண்ணுக்கு கீழ ரொம்ப ஆழத்துல இருந்து மேல வராது, ஏறக்குறைய ஒன்றரை அடி மண்ணு மூடியிருந்தாலே கருவில சரியா தெரியாது. கேரளா மாதிரி மண்ணும் மரமும் மூடுன எடத்துல பாறை என்ன பேசுதுனு கேக்கவே கேக்காது, அனந்தபூர் மாதிரி வருஷத்துக்கு 550 மில்லிமீட்டர் சுமாருக்கு மழை பெய்யுற எடத்துல பாறை சட்டை கழட்டி போட்டுட்டு உக்காந்திருக்கும், கருவிய தூக்கிட்டு நடந்தா போதும்.

ரெண்டாவது, வறட்சியே யுரேனியத்த சேத்து வைக்கும். ஆக்சிஜன் இருக்குற தண்ணில யுரேனியம் கரையும், கரைஞ்சு நிலத்தடில நகரும். பாலைவனத்துல அந்த தண்ணி மேல வந்து வெயில்ல ஆவியாகி போயிடும், தண்ணி போச்சுனா உள்ள இருந்தது சுக்கான் கல்லுல மஞ்சளா தங்கிடும். நம்ம ஊர்ல கெணத்து மேட்டுல உப்பு பூக்குது பாத்திருப்பீங்க, அதே கதை தான், பல லட்சம் வருஷம் நடந்தா சுரங்கம். நமீபியால லாங்கர் ஹைன்ரிச், மேற்கு ஆஸ்திரேலியால யீலிரி ரெண்டும் அந்த ஜாதி. நம்ம பக்கத்துல ஆந்திரால இருக்குற தும்மலப்பள்ளி யுரேனியம் சுரங்கம் அந்த ஜாதி இல்ல, அது பழைய கடல் சுண்ணாம்பு பாறை, கடப்பா படுகை.

மூணாவது, வறண்ட எடத்துல ஜனம் கம்மி, இருக்குறவங்களுக்கும் பலம் கம்மி.

எப்படி தான் தேடுறாங்க? ஹெலிகாப்டர் எல்லாம் வருதே?

தேடுறது ஏஎம்டி, அதாவது அணு கனிம இயக்குனரகம், ஹைதராபாத்ல தலைமை ஆபீஸ், 1949ல ஆரம்பிச்சது. தோண்டி எடுக்குறது வேற ஆளு, யுசிஐஎல், அது 1967ல ஆரம்பிச்ச அரசாங்க கம்பெனி, ஜார்கண்ட் ஜாதுகுடால ஹெட் ஆபீஸ். நிறைய பேர் இத ரெண்டையும் ஒன்னா போட்டு கொழப்பிக்கிறாங்க. ஜீப்புல வந்தவன் ஏஎம்டின்னா அவன் தேட வந்தவன்.

ஹெலிகாப்டர்ல கருவி கட்டி தாழ்வா பறந்து ஒரு மேப் போடுவாங்க, எங்க காமா தூக்கலா இருக்குதோ அந்த எடத்துல ஆளுங்க கையில சின்டிலோமீட்டர், அதாவது காமா அளக்குற கருவி எடுத்துட்டு நடப்பாங்க. கெணறு கெணறா தண்ணி சாம்பிள் எடுப்பாங்க. இதெல்லாம் ஒத்து வந்தா தான் எங்கள மாதிரி ரிக்கு உள்ள போகும்.

கோர் டிரில்லிங் நம்ம ஊரு போர் மாதிரி கிடையாது. நம்ம திருச்செங்கோட்டு வண்டி சுத்தியல் அடிச்சு கல்ல பவுடராக்கி காத்துல ஊதி தள்ளிடும், ஒரே நாள்ல ஆயிரம் அடி போயிடும். இது வைர பிட்டு, வளையம் மாதிரி சுத்தி சுத்தி அறுக்கும், நடுவுல கல்லு முறுக்கு கம்பி மாதிரி முழுசா நிக்கும், அத பேரல்ல புடிச்சு மேல தூக்கணும். நல்ல பாறையா இருந்தா ஷிப்டுக்கு பதினஞ்சு மீட்டர், உடஞ்ச பாறைல மூணு மீட்டர் கூட போகாம மேஸ்திரி திட்டு வாங்கியிருக்கேன். வந்த கல்ல கழுவி தகர பெட்டில வரிசையா அடுக்கி, மரக்கட்டைல ஆழத்த எழுதி நடுவுல வைப்போம், 142.50, 145.50, இப்படி. அதுக்கப்புறம் ஓட்டைக்குள்ள கேபிள்ல ஒரு கருவிய எறக்கி மெதுவா தூக்கிகினே வருவாங்க, எந்த மீட்டர்ல எவ்ளோனு கிராப் விழும்.

ஒரு தடவ ராத்திரி ஷிப்டு, ரெண்டு மணி இருக்கும், கோர் வந்துச்சு. பாத்தா வெறும் சாம்பல் கலர் கல்லு, மெல்லிசா கோடு கோடா, நம்ம ஊர்ல திண்ணைக்கு போடுற கடப்பா கல்லு மாதிரி. அந்த பையன், சின்ன பையன் ஜியாலஜிஸ்ட், ஒடிசாக்காரன், கருவிய கிட்ட கொண்டு போனான், நம்பர் ஏறுச்சு, திரும்ப தள்ளி எடுத்தான், எறங்குச்சு. மூணு தடவ பண்ணான். அப்புறம் எனக்கு டீ போட்டு குடுத்தான். அதுவரைக்கும் யுரேனியம்னா பச்சையா ஜொலிக்கும்னு தான் நானும் நெனச்சிருந்தேன்.

போர் போட்டாலே ஊருக்குள்ள கதிர்வீச்சு வந்துடுமா?

வராது. அதாவது நீங்க பயப்படுற மாதிரி வராது. அந்த கல்லுல யுரேனியம் 0.04 சதவீதம் சுமார் தான், பக்கத்துல நின்னா கருவி கத்தும், உடம்புக்கு ஒன்னும் ஆகாது.

பயப்பட வேண்டிய விஷயம் வேற இருக்கு. ஒரு போர் போட பம்புல தண்ணி சுத்தி சுத்தி விடணும், பாறை வெடிப்புல தண்ணி ஓடிப்போச்சுனா நாள் முழுக்க டேங்கர் டேங்கரா ஊத்தணும். அந்த டேங்கர் எங்க ரொப்புறாங்க? அதே ஊர்ல, அதே வறண்ட போர்ல. கோடைல பொம்பளைங்க குடத்த வச்சிட்டு நிக்க, எங்க டேங்கர் முன்னாடி ரொம்பும், அந்த பார்வைய நான் மறக்கல.

ரெண்டாவது, போட்ட ஓட்டைய சிமெண்ட் விட்டு அடைக்கணும். அடைக்கலைன்னா மேல் மட்டத்து தண்ணியும் கீழ் மட்டத்து தண்ணியும் கலந்துடும், எது நல்லா இருந்துச்சோ அது கெட்டுரும். நான் வேலை பாத்த ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி, பேரு வேணாம், அளவு முடிஞ்சதும் ராடு கழட்டி அடுத்த பாயிண்டுக்கு கெளம்பிடும், ஒரு சாக்கு துணி திணிச்சு மேல கல்லு வச்சிட்டு. சம்பளமும் ரெண்டு மாசம் பாக்கி. 2019ல மணப்பாறை நடுக்காட்டுப்பட்டில குழந்தை போர்ல விழுந்தப்ப எனக்கு அந்த சாக்கு துணி தான் ஞாபகம் வந்துச்சு. கோர் ஓட்டை சின்னது, குழந்தை விழாது, ஆனாலும்.

போர் போட்டுட்டாங்கன்னா சுரங்கம் கன்பார்ம் தானே?

இல்லவே இல்ல. இதுல தான் நம்ம ஜனம் அதிகமா ஏமாறுது, ரெண்டு பக்கமும். நிலம் வெல ஏறும்னு வாங்கி போடுறவனும் ஏமாறுறான், நாளைக்கே ஊர காலி பண்ணிடுவாங்கனு அழுவுறவனும் ஏமாறுறான்.

தும்மலப்பள்ளியவே எடுத்துக்கோங்க. 1980கள்லயே அங்க இருக்குதுனு தெரிஞ்சு போச்சு. ஆனா அது சுண்ணாம்பு ஜாதி பாறை, ஆசிட் ஊத்தி யுரேனியத்த கரைக்கலாம்னா ஆசிட்ட எல்லாம் பாறையே குடிச்சிடும், கட்டுப்படியாகாது. அதனால அப்படியே விட்டுட்டாங்க. அப்புறம் சோடா மாதிரி கார சரக்கு போட்டு அழுத்தத்துல கரைக்கிற வழி கண்டுபுடிச்சு, 2007ல அடிக்கல் நாட்டி, 2012ல தான் ஆலை ஓட ஆரம்பிச்சது. கால் நூற்றாண்டு. ராஜஸ்தான்ல சீகர் மாவட்டம் ரோஹில்ல பல வருஷமா தேடி தேடி 2022ல தான் மாநில அரசு சம்மத கடிதமே குடுத்துச்சு. மேகாலயால காசி மலைல நல்ல சரக்கு இருக்குனு தெரிஞ்சும் ஜனங்க ஒத்துக்காததால இன்னும் சுரங்கம் வரல.

போரே வேணாம்னு நின்ன ஊரும் இருக்கு. கர்னூல் மாவட்டம் கப்பட்ராள்ள காட்டுல 68 போர் போட அனுமதி கேட்டாங்க, 2024 கடைசில சுத்து ஊரு மொத்தமும் ரோட்டுக்கு வந்துச்சு, ஆந்திரா அரசாங்கம் அத நிறுத்திடுச்சு. அதுக்கு முன்னாடி 2019 செப்டம்பர்ல தெலங்கானா சட்டசபை நல்லமலை காட்டுல யுரேனியம் எடுக்க கூடாதுனு தீர்மானமே போட்டுச்சு.

அப்புறம் வெலை. 2007ல ஒரு பவுண்டு யுரேனியம் 130 டாலருக்கு மேல போச்சு, 2016 கடைசில 20 டாலருக்கு கீழ விழுந்துச்சு, 2024 ஜனவரில திரும்ப 100 தாண்டுச்சு. நமீபியால டிரெக்கோப்யேனு ஒரு எடம், சுரங்கத்துக்குனே கடல் ஓரத்துல உப்பு தண்ணிய நல்ல தண்ணியாக்குற பெரிய ஆலை கட்டுனாங்க, ஜப்பான் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்கு அப்புறம் வெல விழுந்துச்சு, சுரங்கத்த மூட்டை கட்டி வச்சிட்டாங்க. தண்ணி ஆலை மட்டும் ஓடுது, மத்த சுரங்கத்துக்கு தண்ணி விக்குது. கல்யாணம் நின்னு போயி பந்தி மட்டும் நடந்த மாதிரி.

என் நிலத்துல கெடச்சா நான் கோடீஸ்வரன் தானே?

கெடயாது மச்சான். கிரானைட் குவாரி மாதிரி நீ லீசுக்கு எடுத்து தோண்டி விக்கிற சரக்கு இல்ல இது. நிலத்த எடுத்தா இழப்பீடு, அதுவும் இழுத்து இழுத்து.

தும்மலப்பள்ளில உண்மையா என்ன தான் நடக்குது?

நம்ம குடியாத்தத்துல இருந்து சித்தூர், பீலேரு, ராயச்சோட்டி வழியா போனா நாலஞ்சு மணி நேரம், புலிவெந்துலா பக்கம். பூமிக்கு அடில சாய்வா எறங்குற சுரங்கம், நாளைக்கு 3000 டன் கல்லு எடுக்குற கணக்குல ஆரம்பிச்சது. 2011ல அணுசக்தி கமிஷன் தலைவரா இருந்த ஸ்ரீகுமார் பானர்ஜி, அந்த பக்கம் மொத்தமா 1.5 லட்சம் டன் வரைக்கும் கூட இருக்கலாம், உலகத்துலயே பெரிய இருப்பா ஆகலாம்னு சொன்னாரு, பேப்பர் எல்லாம் தலைப்பு செய்தி.

ஆனா தரம் கம்மி. ஒரு டன் கல்லுல யுரேனியம் ஆக்சைடு 400 கிராம் சுமார். கணக்கு போட்டு பாருங்க, 3000 டன்ன முழுசா கரைச்சு ஒரு சொட்டு விடாம எடுத்தா கூட 1200 கிலோ, ஒரு மினி லாரி லோடு. மிச்ச 2998 டன்னும் அரைச்ச மாவா, கரைக்க ஊத்துன சோடியம் உப்போட சேந்து, குழாய் வழியா போயி ஒரு பெரிய குட்டைல உக்காரும். ஒரு நாளைக்கு. மறுநாளும்.

பக்கத்துல கே.கே. கொட்டாலா மாதிரி ஊருங்கள்ல விவசாயிங்க போர் தண்ணி உப்பாயிடுச்சு, வாழை கருகிடுச்சுனு புகார் குடுத்தாங்க. கம்பெனி எங்க குட்டையால இல்லனு சொல்லுச்சு. 2019ல ஆந்திரா மாசு கட்டுப்பாட்டு வாரியம் குட்டைக்கு அடில சரியான லைனிங் போடல, ஏன் நடவடிக்கை எடுக்க கூடாதுனு நோட்டீஸ் அனுப்புச்சு. அந்த ஊர்ல டீ குடிச்சிருக்கேன், டீயே உப்பு கரிச்சுது, ஆனா அது குட்டையால தானா இல்ல ராயலசீமா தண்ணியே அப்படியானு என் நாக்க வச்சு சொல்ல முடியாது, அதுக்கு தான் சுரங்கம் வர்றதுக்கு முன்னாடியே தண்ணிய டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட்ட ஊர்க்காரன் கையில வச்சிருக்கணும்ங்கிறேன். ஆம்பூர், பேர்ணாம்பட்டுகாரங்களுக்கு இத வெளக்கவே வேணாம். தோல் ஷாப்பு வர்றதுக்கு முன்னாடி கெணத்து தண்ணி எப்படி இருந்துச்சுனு பேப்பர் யாரு வச்சிருந்தாங்க?

டெய்லிங்ஸ், டெய்லிங்ஸ்னு சொல்றாங்களே, அது என்ன அவ்ளோ பெரிய விஷயம்?

யுரேனியத்த எடுத்த பின்னாடி குட்டைக்கு போற அந்த அரைச்ச மாவு தான் டெய்லிங்ஸ், முழு விஷயமே அது தான்ங்க. யுரேனியத்த எடுத்துட்டு போயிட்டாங்களே, அப்ப மிச்ச மண்ணுல ஆபத்து போயிடுச்சுனு தான் யாரும் நெனப்போம். தலைகீழ். யுரேனியம் ரொம்ப மெதுவா அழியிற சரக்கு, பாதி அழிய 447 கோடி வருஷம். அதுக்கு குட்டி போட்ட மாதிரி தோரியம், ரேடியம், ரேடான்னு வரிசையா சொந்தக்காரங்க கல்லுக்குள்ளயே கூட இருக்காங்க, ஆலைல யுரேனியத்த மட்டும் தான் பிரிப்பாங்க, இந்த சொந்தக்காரங்க எல்லாரும் மாவோட குட்டைக்கு போயிடுவாங்க. கல்லுல இருந்த கதிர்வீச்சுல ஏறக்குறைய 85 சதவீதம் குட்டைல தான் தங்கும். ரேடியம் பாதியாக 1600 வருஷம். அதுல இருந்து ரேடான் காத்தா கெளம்பிகினே இருக்கும். கல்லா பூமிக்கு அடில இருந்தப்ப பூட்டி இருந்துச்சு, இப்ப மைதா மாதிரி அரைச்சு வெளிய வச்சிருக்கோம், அதான் வித்தியாசம்.

எங்க தாத்தா கோலார் தங்கவயல்ல சாம்பியன் ரீஃப்ல வேலை பாத்தவரு, வட ஆற்காட்டுல பாதி குடும்பத்துக்கு அங்க ஒரு தாத்தா உண்டு. 2001ல சுரங்கத்த மூடிட்டாங்க, தங்கம் போச்சு, கம்பெனி போச்சு, சயனைடு மண்மேடு மட்டும் மலை மலையா அப்படியே கீது. காத்து அடிச்சா துணி காய போட முடியாதுனு அத்தை இன்னும் சொல்லுவாங்க. அவ்ளோ தூரம் கூட வேணாம், ராணிப்பேட்டைல மூடுன குரோமேட் கம்பெனி 1995ல நின்னு போச்சு, 2 லட்சம் டன்னுக்கு மேல குரோமிய கழிவு இன்னும் மழைல மஞ்சளா கரையுது.

சுவர் நல்லா கட்டுனா போதாதானு கேப்பீங்க. 2015 ஜனவரி கடைசில ராணிப்பேட்டை சிப்காட்ல தோல் கழிவு சேறு வச்சிருந்த தொட்டி சுவர் ராத்திரில இடிஞ்சு, தூங்கிட்டு இருந்த 10 தொழிலாளிங்க சேத்துலயே செத்தாங்க, நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அமெரிக்காவுல 1979 ஜூலை 16, நியூ மெக்சிகோ சர்ச் ராக்ல யுரேனியம் குட்டை கரை ஒடைஞ்சு 35 கோடி லிட்டருக்கு மேல தண்ணி, ஆயிரம் டன் சேறு, புவெர்கோனு ஒரு ஆத்துல போச்சு. அதுவும் நம்ம பாலாறு மாதிரி முக்கா வருஷம் மணலா கெடக்குற ஆறு. நவாஹோ பழங்குடி ஜனங்க ஆடு மேய்க்கிற எடம். அந்த ஜனங்க நிலத்துல 1944ல ஆரம்பிச்சு 1986 வரைக்கும் தோண்டுனாங்க, மூடாம விட்ட சுரங்கம் மட்டும் 500க்கு மேல. அப்ப காத்தோட்டம் இல்லாம உள்ள வேலை பாத்தவங்களுக்கு ரேடான் மூச்சுல போயி நுரையீரல் கேன்சர். 1990ல தான் நஷ்ட ஈடு சட்டம் வந்துச்சு.

வெளிநாட்டு பாலைவனத்துல எல்லாம் நல்லா தானே நடத்துறாங்க?

நமீபியால ரோசிங் சுரங்கம் 1976ல இருந்து ஓடுது, அதுவும் 0.03 சதவீத தரம் தான், வெட்டவெளில மலையவே கொடையுற சுரங்கம். வருஷத்துக்கு 50 மில்லிமீட்டர் மழை கூட தேறாது. நைஜர்ல சஹாரா ஓரம் ஆர்லிட், பிரெஞ்சுக்காரங்க 1970கள்ல தோண்ட ஆரம்பிச்ச எடம், பாரிஸ்ல லைட் எரிஞ்சுது, ஆர்லிட் ஜனம் தண்ணிக்கு நின்னுச்சு. அதுல அகூட்டா சுரங்கம் 2021 மார்ச்ல மூடுனாங்க, 2 கோடி டன் கழிவு மேடு அங்க நிக்குது. சோமைர்னு இன்னொன்னு, 2025ல நைஜர் அரசாங்கமே எங்களுதுனு எடுத்துக்கிச்சு. மேடு யாருதுனு தான் எவனும் சண்ட போட மாட்டேங்குறான்.

குழியே தோண்டாம எடுக்குற டெக்னிக் இருக்காமே?

இருக்கு, கசகஸ்தான்ல அப்படி தான். உலக யுரேனியத்துல 40 சதவீதம் சுமார் அவங்களுது. ஒரு போர்ல ஆசிட் தண்ணிய உள்ள விட்டு, இன்னொரு போர்ல கரைஞ்ச யுரேனியத்தோட உறிஞ்சி எடுக்குறது. ஆனா அதுக்கு தண்ணி ஊறுற மணல்பாறை வேணும், மேலயும் கீழயும் களிமண் மூடி வேணும். நம்ம பக்கத்து இறுகின பாறைக்கு ஆவாது.

எங்க வீட்டு போர் தண்ணிலயே யுரேனியம் இருக்குமா?

இருக்கலாம். சுரங்கமே இல்லாத ஊர்லயும். கருங்கல் வெடிப்புல பல வருஷம் நின்ன தண்ணி, அதுல பைகார்பனேட் அதிகம் இருந்தா பாறைல இருக்குற யுரேனியத்த கரைச்சிகினு வரும், ஆழமா போடப்போட வாய்ப்பு கூடும். நான் ஏஜென்ட், ஆயிரம் அடி போடுங்கனு சொன்னா எனக்கு லாபம், இருந்தாலும் சொல்றேன். உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் தாண்ட கூடாதுங்குது, நம்ம அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 60னு வச்சிருந்துச்சு. தண்ணில வர்ற அளவுக்கு கதிர்வீச்ச விட கிட்னிக்கு தான் கெடுதல், ஈயம் மாதிரி ஒரு கன உலோகமா நெனச்சுக்கோங்க.

டிடிஎஸ் மீட்டர வச்சு இது தெரியாது, லேப்ல யுரேனியம்னு தனியா சொல்லி கேக்கணும். கொதிக்க வச்சா போகாது, தண்ணி சுண்டி இன்னும் கெட்டியாகும். ஆர்ஓ போட்டா பெரும்பாலும் போயிடும்.

இங்க எடுக்குறது குண்டுக்கா கரண்ட்டுக்கா?

தும்மலப்பள்ளில இருந்து மஞ்சள் பவுடரா ஹைதராபாத் அணு எரிபொருள் வளாகத்துக்கு போகும், அங்க குச்சி குச்சியா எரிபொருள் ஆகும். நம்ம கல்பாக்கத்துல 220 மெகாவாட் உலை ரெண்டும் இயற்கை யுரேனியத்துல ஓடுற டைப். கூடங்குளத்துக்கு ரஷ்யால இருந்து செறிவூட்டுனது வருது, அது வேற.

சரி, நாளைக்கு எங்க ஊருக்கு ஜீப்பு வந்தா என்ன கேக்கணும்?

கல்ல தூக்காதீங்க, அந்த பையனுங்களும் மாச சம்பளக்காரங்க தான். யாரு, எந்த ஆபீசு, சர்வேயா போரானு கேளுங்க. சர்வேன்னா டீ குடுத்து அனுப்புங்க. போருன்னா எத்தன போர், எவ்ளோ ஆழம், தண்ணி எங்க எடுப்பீங்க, முடிச்சதும் சிமெண்ட் விட்டு அடைச்சத யாரு வந்து காட்டுவாங்க, சேத்து தண்ணி குழிய யாரு மூடுவாங்க, எழுதி வாங்குங்க. அவங்க தண்ணி சாம்பிள் எடுக்குற அன்னிக்கே உங்க கெணத்து தண்ணிய நீங்களும் ஒரு பாட்டில் எடுத்து தனி லேப்ல குடுத்து ரிப்போர்ட்ட பத்திரமா வைங்க. சுரங்க பேச்சே வந்துட்டா மொத கேள்வி வேலை எத்தன பேருக்குனு கேக்காதீங்க, குட்டை எங்க வருது, அடில என்ன விரிக்கிறீங்க, கம்பெனி போன பின்னாடி யாரு காவல்னு கேளுங்க.

சட்டத்துல நமக்கு ஒரு பெருமை உண்டு. கெடுத்தவனே காசு குடுக்கணும், சந்தேகம் இருந்தாலே முன்கூட்டி தடுக்கணும்ங்கிற ரெண்டு கொள்கையும் இந்த நாட்டு சட்டம்னு சுப்ரீம் கோர்ட் 1996ல சொன்னது நம்ம பாலாறு, நம்ம தோல் ஷாப்பு கேஸ்ல தான், வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட கேஸ். வக்கீலுக்கு படிக்கிற புள்ளைங்க எல்லாம் வேலூர் பேர சொல்லி தான் பரீட்சை எழுதுதுங்க. ஆனா 2025 செப்டம்பர்ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணு கனிம சுரங்கத்துக்கு மக்கள் கருத்து கேட்பு கூட்டமே வேணாம்னு விலக்கு குடுத்துடுச்சு, தமிழ்நாடு முதலமைச்சர் அத திரும்ப எடுங்கனு பிரதமருக்கு கடிதம் எழுதுனாரு. அதனால பந்தல் போட்டு மைக் குடுத்து கூப்புடுவாங்கனு காத்திருக்காதீங்க, கிராம சபைல நீங்களே பேச்ச எடுங்க.

தம்பி ஐடிஐ முடிச்சிருக்கான், இந்த ரிக் வேலைக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம். தேடுற வேலைல கதிர்வீச்ச விட பெல்ட்டு, ராடு, வெயில் தான் ஆள அடிக்கும், எனக்கு எடது கை சுண்டு விரல் பாதி இல்ல, அது யுரேனியத்தால இல்ல, ராடு டைட் வைக்கிறப்ப போனது. சுரங்கத்துக்குள்ள வேலைன்னா மார்ல மாட்டுற கதிர்வீச்சு பேட்ஜ் குடுக்குறாங்களா, அதோட ரீடிங்க அவன் கையில காட்டுறாங்களானு கேக்க சொல்லுங்க. பிஎஃப் நம்பர் மொத மாசமே வாங்கிக்கணும். ஆறு மாசம் கழிச்சு பாத்துக்கலாம்னு சொன்னா பெட்டிய கட்டிட்டு பஸ் ஏற சொல்லுங்க.

ஒன்பது வருஷம் இருந்தீங்களே, ஒரு யுரேனியம் கல்லு கூட வீட்டுக்கு எடுத்துட்டு வரலையா?

எல்லாரும் கடைசில இத தான் கேக்குறீங்க. முடியாதுங்க. ஒவ்வொரு துண்டுக்கும் ஆழம் எழுதி பெட்டில வச்சிருக்கும், பத்து சென்டிமீட்டர் காணோம்னா யாரு ஷிப்டுனு எழுதி கேப்பாங்க. என்கிட்ட இருக்குறது தேஞ்சு போன வைர பிட்டு ஒன்னு, அனந்தபூர்ல கடைசி போர்ல கழட்டுனது. வீட்டுக்காரி இட்லி மாவு சட்டி மூடி மேல வெயிட்டுக்கு வச்சிருக்கா, பூனை தள்ளி விடாம இருக்க.